சிவப்புப் பொத்தானில் சந்தனப் பொட்டு

என் மனைவி நாகலக்ஷ்மிக்குப் பேட்டரி செய்வது வேலை. டார்ச்சுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போடுகிற பேட்டரி இல்லை. ராக்கெட்டில் ஏறி மேலே போய்ப் பூமியைச் சுற்றுகிற செயற்கைக்கோளுக்குள் உட்காரும் லித்தியம் பேட்டரி. மலையாள மண்ணிலுள்ள எங்கள் கரமனை அக்ரஹாரத் தெருவில் இதை நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வேன். வீட்டுக்குள் சொல்வதில்லை. சொன்னால், "அப்போ நம்மாத்து இன்வெர்ட்டர் ஏன் இப்படி முனகிண்டு கிடக்கு?" என்ற கேள்வியும் என் வாயிலிருந்து தானாக வந்துவிடும்.

அவளோடு குடித்தனம் நடத்தச் சில சட்டங்கள் உண்டு. போனை எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, முப்பதுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. லித்தியத்துக்கு நிறைந்த வயிறும் ஆகாது, காய்ந்த வயிறும் ஆகாதாம். இது போனோடு நின்றால் பரவாயில்லை. கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, போளியைப் பால் பாயசத்தில் பிசைந்து இரண்டாம் முறை வாய்க்குக் கொண்டுபோகும்போது பக்கத்திலிருந்து குரல் வரும்: "ஏன்னா, எண்பதாயிடுத்து." இந்த ஊரில் பிறந்து, போளியையும் பாயசத்தையும் எண்பதில் நிறுத்தியவன் ஒருத்தன் இருந்தால் காட்டுங்கள், காலில் விழுகிறேன்.

நான் ஸ்ரீகண்டன். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் க்ளெய்ம் பார்க்கிறவன். இடிபட்ட வண்டியின் போட்டோவைப் பார்த்து, ஓட்டியவர் சொல்லும் கதையும் வண்டியின் நசுங்கலும் ஒத்துப்போகிறதா என்று சொல்வது என் பிழைப்பு. வருஷக்கணக்காக இதையே பார்த்து, மனுஷ முகம் மறந்தாலும் ஒரு பொருளின் மேல் விழுந்த தடம் எனக்கு மறக்காது. இந்தத் திறமை குடும்ப வாழ்க்கைக்கு எவ்வளவு ஆபத்தானது என்பது போன நவராத்திரியில்தான் தெரிந்தது.

முதலில் அவள் பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்னச் செயற்கைக்கோள் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அதில் கொஞ்ச நேரம் பூமியின் நிழலுக்குள் போக வேண்டியிருக்கும். வெயிலில் இருக்கும்வரை அதன் பலகைகள் மின்சாரம் தரும், பேட்டரியும் நிரம்பும். நிழலுக்குள் நுழைந்தால் எல்லாப் பாரமும் பேட்டரி தலையில். எங்கள் தெருவில் கிரகணம் பிடித்தால் அடுப்பை அணைத்து, இருக்கிற பலகாரத்தில் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டு, வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவோம். அவள் பேட்டரிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு கிரகணம், ஒவ்வொரு கிரகணத்திலும் அடுப்பு மூட்டியே ஆக வேண்டும்.

அவள் கம்பெனி பாப்பனங்கோட்டில் இருக்கிறது. சின்னக் கம்பெனி. முதலாளி மஹேஷ், அவளைவிட வயதில் இளையவர். "எனக்கு இந்த சாமி, சகுனம் இதிலொண்ணும் நம்பிக்கையில்ல" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற பகுத்தறிவாளர். டெஸ்ட் அறைக்குப் பொறுப்பு சத்தியதாஸ், பாறசாலைக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவர்.

ஆழ்கடலுக்குப் போகும் மீன்பிடி படகுகள் ஆபத்தில் அனுப்புகிற செய்தியைப் பிடித்துக் கரைக்குத் தள்ளிவிடும் ஒரு செயற்கைக்கோளுக்கு அவர்கள் பேட்டரி செய்துகொண்டிருந்தார்கள். அதுவரை பிறர் செய்த பேட்டரியில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்த நாகலக்ஷ்மி, தானே பொறுப்பேற்றுச் செய்த முதல் பேட்டரி அது. அது மேலே போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட மாதிரி வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேலே போவதற்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. பேட்டரிக்குள் அடுக்கி மேலே போகப்போகிற செல்களோடு ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் செய்யப்பட்ட சில செல்களைத் தனியே எடுத்து, ஒரு பெட்டிக்குள் வைத்து, டெஸ்டர் என்ற மெஷினால் மாதக்கணக்கில் ஓயாமல் சார்ஜ் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். இங்கே ஓடுகிறவை அண்ணன்மார், மேலே போகிறவை தம்பிமார். செல்கள் ஓட ஓட, அவற்றில் கொள்ளும் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். கடைசிச் சுற்று முடியும்போதும் அது ஒரு கோட்டுக்கு மேலேயே நின்றால் தம்பிமாருக்கு ராக்கெட்டில் இடம். அதிலும் முக்கியம், நடுவில் நிறுத்தவே கூடாது. மேலே நிழல் லீவு விடுமா?

நவராத்திரி வந்தபோது அண்ணன்மார் கிட்டத்தட்டக் கரையேறியிருந்தார்கள். ஏழாம் நம்பர் செல் மட்டும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. "ஏன்னா, ஏழு என்ன பண்றதுன்னே தெரியலை" என்று சாம்பாருக்குப் புளி கரைத்தபடியே கவலைப்படுவாள். கேட்டுக் கேட்டு, வீட்டில் படிக்காமல் திரிகிற பிள்ளை ஒன்று இருக்கிற மாதிரியே எனக்கும் ஆகிவிட்டது.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு அஷ்டமி சாயங்காலமே பொருளை வைப்பார்கள்; வைத்துவிட்டால் நவமி முழுக்க, விஜயதசமி காலை பூஜை எடுக்கும்வரை தொடக் கூடாது. புத்தகத்தை வைத்த பிள்ளை படிக்காது, உளியை வைத்த ஆசாரி செதுக்க மாட்டார். நம்பிக்கையில்லாத மஹேஷும் கம்பெனியில் பூஜை வைப்பார். நாகலக்ஷ்மி ஒரு வாரம் முன்பிருந்தே அத்தனை பேருக்கும் பாடம் நடத்தினாள். "மத்த மெஷினெல்லாம் ஓய்வெடுக்கட்டும். டெஸ்டர் நிக்கப்படாது. யாரும் தொடப்படாது. கேட்டேளா சத்தியதாஸ், துடைக்கறேன்னு துணியோட கூட அது பக்கத்தில போகண்டா."

"நான் ஏன் மேடம் போறேன்? கும்பிட்டுட்டு தூரமா நின்னுக்கிடுறேன்" என்றார் சத்தியதாஸ்.

பூஜையன்று சந்தனக் கிண்ணத்தை மஹேஷ் அவள் கையில் கொடுத்தார். அக்ரஹாரத்துப் பெண் இருக்கும்போது வேறு யார் வைப்பார்கள்? அவளும் சந்தோஷமாக ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். பெயிண்ட் அடித்த இரும்பில் சந்தனம் ஒட்டாது, அழுத்தி வைத்தால்தான் நிற்கும் என்பது அவள் சித்தாந்தம். எங்கள் கல்யாணத்தன்று என் நெற்றியில் அவள் வைத்த பொட்டில் என் தலை பின்னால் போய்த் தூணில் இடித்தது. அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

டெஸ்டரின் முகப்பில், ஆபத்து வந்தால் அடித்து நிறுத்துவதற்காக, சின்ன ஆப்பம் அளவில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் அந்த மெஷினில் கிடையாது. அவள் அதன் நடுவில் சந்தனத்தை வைத்து, அழுத்தி, அதன் மேல் குங்குமத்தை வைத்து, இன்னொரு தடவை அழுத்தினாள். பொத்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. செல்கள் இருக்கிற பெட்டியின் மின்விசிறிக்கு வேறு ஸ்விட்ச் என்பதால் அதன் இரைச்சல் நிற்கவில்லை. மெஷின் நின்றதைச் சொல்லும் விளக்கைச் சாலைக் கடைத்தெருவிலிருந்து வாங்கிவந்த அரளி மாலை மறைத்திருந்தது. மணியடித்து, கற்பூரம் காட்டி, பொரியும் அவலும் வாங்கிக்கொண்டு, அறையைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

டெஸ்டர் நின்றால் உடனே செய்தி வரும். ஒரே ஒருத்தருடைய ஆபீஸ் போனுக்குத்தான் வரும், அது இவள் போன். பிறர் பொறுப்பில்லாதவர்கள் என்று இவளே கேட்டு வாங்கிய ஏற்பாடு. அன்று அது கைப்பைக்குள் கிடந்ததில், பூஜை மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அந்த ஆபீஸ் போனை இவள் வீட்டுக்கு வந்து என்ன செய்தாள் தெரியுமா? திரையைக்கூடப் பார்க்காமல் ஆஃப் பண்ணி, பட்டுத்துணியில் சுற்றி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு வைத்துவிட்டாள். "அதுவும் ஆயுதமாக்கும்" என்றாள். நானும் என் க்ளெய்ம் கால்குலேட்டரை அதன் மேல் வைத்துவிட்டுக் கோட்டையில் நவராத்திரிக் கச்சேரி கேட்கப் போனேன்.

விஜயதசமி காலை பூஜை எடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஆபீஸ் போனாள். கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. அமுங்கிக் கிடக்கும் சிவப்புப் பொத்தான், அதன் மேல் சந்தனம், குங்குமம். கீழே, "டெஸ்ட் நின்னு போச்சு. யாரோ ஒரு மகாபாவி பொத்தானை அமுக்கியிருக்கா. கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

நான் காபி டம்ளரோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தனம் நல்ல வட்டம். குங்குமம் மட்டும் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. நிமிர்ந்தால் எதிரே ஃப்ரிட்ஜ். அதில் சந்தனம் நல்ல வட்டம், குங்குமம் இடப்பக்கம். திரும்பினால் மிக்ஸி. அதிலும் அப்படியே. கிரைண்டர், கேஸ் சிலிண்டர், என் பைக்கின் ஹெட்லைட், எல்லாவற்றிலும் குங்குமம் ஏதோ பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விட்ட மாதிரி இடப்பக்கம் தள்ளியே உட்கார்ந்திருந்தது. என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான கேஸ் எனக்கு வந்ததில்லை.

நான் என்ன பதில் அனுப்பினேன் என்று கேட்கிறீர்களா? "அடப்பாவமே" என்று அனுப்பினேன். உயிருக்குப் பயந்தவன் வேறென்ன அனுப்புவான்?

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். "எல்லாரையும் கேட்டாச்சு. மஹேஷ் தான் தொடலைங்கறார். செக்யூரிட்டி வேலாயுதன் சேட்டன் ரூமுக்குள்ளயே வரலையாம். பின்ன யாராக்கும்? சத்தியதாஸ்ட்ட கேட்டேன், துடைக்கறச்சே உங்க கை பட்டுதான்னு. தலையைச் சொறிஞ்சார். அப்பறம், இருக்கலாம் மேடம்ங்கறார்! இருக்கலாமாம்! எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொன்னேன்?"

சத்தியதாஸ் செய்யாத தப்பை ஏன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருப்பது அநியாயம் என்று தீர்மானித்து, "நாகு, முதல்ல உக்காரு. மோர் குடி" என்றேன். அதுதான் என் வீரத்தின் எல்லை.

அவள் மோர் எடுக்க ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். கைப்பிடியில் கை வைத்தவள் கதவைத் திறக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி மிக்ஸியைப் பார்த்தாள். பிறகு தன் வலது கை மோதிர விரலைத் தூக்கி, யாரோ ஒருத்தருடைய விரலைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஏன்னா."

"சொல்லு."

"உங்களுக்குக் கார்த்தாலயே தெரியும்."

"போட்டோ கொஞ்சம் தெளிவில்லாம இருந்தது..."

"பொய் சொல்லாதேங்கோ. தூண்ல தலை இடிச்சதை இன்னும் ஊரெல்லாம் சொல்லிண்டு திரியறவர்தானே நீங்க?"

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று பக்கத்தில் போனால், பாதி அழுகை, பாதி சிரிப்பு. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் தன் விரலாலேயே கெடுத்துக்கொண்டாள் என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் காரியமாகச் சத்தியதாஸுக்குப் போன் போட்டாள். "சத்தியதாஸ், அது நான்தான். நான் வச்ச பொட்டு. என்னை மன்னிக்கணும்."

"எனக்கு அப்பமே தெரியும் மேடம்" என்றார் அவர். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"பின்ன எதுக்கு இருக்கலாம்னேள்?"

"நீங்க நின்ன நெலையப் பாத்தா பாவமா இருந்திச்சு. ஆனா ஒண்ணு மேடம், பொட்டு வச்சு அமுக்குன கேஸ்ல, ஊரிலேயே பொட்டு வைக்காத ஒருத்தனை புடிச்சீங்க பாத்தீங்களா, அதைத்தான் வீட்டுக்கு வந்து எம்பொண்டாட்டிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டிருக்கேன்."

கதை இங்கே முடிந்திருந்தால் தெருவில் நாலு நாள் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் டெஸ்டரை மறுபடி ஓட விட்டபோது வேறு ஒன்று நடந்தது. ஓய்ந்து கிடந்த செல்கள் எல்லாம் முன்பைவிடத் தெம்பாகிவிட்டன. ஓடி ஓடிக் களைத்தவன் உட்கார்ந்து மூச்சு வாங்கினால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடுவானே, அது போலத்தான் என்றாள். கோட்டை ஒட்டித் தொங்கிய ஏழாம் நம்பர்கூட இப்போது தலைநிமிர்ந்து நின்றது. மீதமிருந்த கொஞ்சச் சுற்றுகளை எல்லாச் செல்களும் ஓடி முடித்துவிட்டன. பார்த்தால், பாஸ்.

மஹேஷுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பழவங்காடிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். "சேச்சி, இனி குழப்பமில்ல. ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுங்க, நடுவில் கொஞ்ச நேரம் கரண்ட் போச்சு, வந்தது, அவ்வளவுதான். நம்ம ஊரில் கரண்ட் போச்சுன்னா நம்பாத ஆள் உண்டா?"

அது உண்மைதான். இந்த ஊரில் மழை தூறினால் போகும், தூறாவிட்டாலும் போகும். கரண்ட் போனதற்குச் சாட்சி கேட்டவன் இதுவரை பிறக்கவில்லை.

அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "நீங்க சொல்லுங்கோ. நின்னது ரெண்டு நாள்னு உள்ளபடி எழுதினா, ஓய்வெடுத்து எழுந்த செல்லை பாஸ்னு ஒத்துக்க மாட்டா. இன்னும் ஓட்டச் சொல்லுவா. ராக்கெட் காத்துண்டிருக்காது, நம்ம எடத்தை வேற யாருக்காவது குடுத்துடுவா. கரண்ட் போச்சுன்னு எழுதினா என் பேட்டரி போகும். என்ன பண்ணட்டும்?"

எனக்கு அவள் பேட்டரி போக வேண்டும். அது மேலே போகும் அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் எத்தனை நாளாகக் காத்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் மனசில் பட்டதைச் சொன்னேன். "கரண்ட் போச்சுன்னே எழுதிடு நாகு."

அவள் என்னைப் பார்த்து, "உங்க ஆபீஸ்ல பிரேக் பிடிக்கலைன்னு எழுதிக் குடுக்கறாளே, அவாள்ளாம் யாரு?" என்றாள்.

"முக்கால்வாசிப் பேர் தூங்கிண்டே ஓட்டினவா" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அதைத்தான் கேட்டேன்."

"ஆனா இது வேற..."

"என்ன வேற? ஏழு நல்ல செல்லா, இல்லை ரெண்டு நாள் தூங்கி எழுந்ததால நல்ல செல் மாதிரி நிக்கறதா? எனக்கே தெரியலை. கடல்ல எவனோ ஒருத்தன் படகு கவுந்து பட்டனை அமுக்கறச்சே இது நிழலுக்குள்ள இருந்தா? அவன்ட்ட போய், கரண்ட் போச்சுன்னு சொல்லட்டுமா?" அவள் குரல் உடைந்தது. "போகணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லையா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மேல் எனக்கு இருந்த ஆசையில், அவள் யார் என்பதையே மறந்துபோயிருந்தேன்.

பேட்டரியை அங்கீகரிக்கிற குழுவுக்குத் தலைவி சாவித்ரி. ராக்கெட் வேலையில் தலைமுடி நரைத்து ஓய்வு பெற்றவர், சிரிக்கவே மாட்டார் என்று பெயர் எடுத்தவர். அவர் முன்னால் நாகலக்ஷ்மி எழுந்து நின்று, டெஸ்ட் எத்தனை நேரம் நின்றது, ஏன் நின்றது, அதை நிறுத்தியது யார் என்று ஒன்றையும் விடாமல் சொல்லியிருக்கிறாள். மஹேஷ் மேஜைக்கடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாராம். அன்று சாயங்காலம் அவள் அந்தக் காட்சியை எனக்கு நடித்தே காட்டினாள்.

"பொட்டா?" என்றாராம் சாவித்ரி.

"ஆமாம் மேடம்."

"எந்த விரலால வச்சீங்க?"

"மோதிர விரல்."

"மோதிர விரல்ல அவ்வளவு பலமா? அந்த மாதிரிப் பொத்தானை நான் உள்ளங்கையால அடிச்சாலே பாதி நாள் இறங்காது." சாவித்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: "சரி. ஓய்வில வந்த தெம்பு முழுக்கப் போகும்வரை ஓட்டுங்க. அதுக்கப்புறம் பாக்கலாம். ராக்கெட்டுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ராக்கெட்டில் எங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மஹேஷ் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ராக்கெட் கிளம்பிய அன்று நாங்கள் டி.வி. போடவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ராக்கெட் வேலைக்காரர் இருக்கிற எங்கள் ஊரில் ராக்கெட் கிளம்பினால் டி.வி. போடாமல் தப்பிக்க முடியாது, தெருவே கைதட்டும். அவள் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கருகிவிட்டன. நான் அத்தனையையும் தின்றேன்.

டெஸ்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓய்வில் வந்த தெம்பு மெல்லக் கரைந்தது. ஒருநாள் மத்தியானம் ஆபீஸிலிருந்து போன் செய்தாள். எடுத்த எடுப்பில், "ஏன்னா, ஏழு போயிடுத்து" என்றாள். கோட்டைத் தொட்டு நிற்கும் என்று நினைத்தது, சடசடவென்று அதற்குக் கீழே இறங்கிவிட்டது. உள்ளே ஏதோ பழுது. ஓட்டத்திலேயே விட்டிருந்தால் கடைசிச் சுற்றுகளில் தானே காட்டிக்கொடுத்திருக்கும். ஓய்வு அதை மூடி மறைத்துவிட்டது. திறந்து பார்த்ததில் அந்தக் கூட்டத்தில் இன்னும் சிலவற்றுக்கும் அதே பழுது இருந்தது. மேலே போவதற்குத் தயாராகக் கட்டி வைத்திருந்த தம்பிமாரிலும் இருந்தது.

சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து நேராகப் பாப்பனங்கோட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். அவள் சத்தியதாஸோடு வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தால் சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. பின்னாலேயே மஹேஷ் ஓடிவந்தார். என்னிடம், "சேட்டா, நான் சொன்னதைச் சேச்சி கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பைக்கில் ஏறும்போது அவள் போன் அடித்தது. சாவித்ரி. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நாகலக்ஷ்மி, ரிப்போர்ட் பார்த்தேன்."

"மேடம்."

"கரண்ட் போச்சுன்னு எழுதியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டார். நாகலக்ஷ்மி போனைக் கையில் பிடித்தபடி சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் கதை வேறு மாதிரிப் பரவிவிட்டது. சரஸ்வதியே அவள் விரலில் வந்து பொத்தானை அமுக்கி, கெட்டுப்போன செல்லைக் காட்டிக்கொடுத்தாளாம். கேட்டால் இவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பொட்டு காட்டிக்கொடுக்கலை மாமி, பொட்டு மறைச்சுது! அமுக்கினது நானாக்கும், சரஸ்வதி இல்லை!" என்று வாசலில் நின்று சண்டை போடுவாள். தன் தப்பைத் தெய்வம்கூடப் பங்கு போட்டுக்கொள்ள விடாத பெண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை.

புதிய செல்கள் வந்தன. புதிய அண்ணன்மார் ஓடத் தொடங்கினார்கள். அடுத்த ராக்கெட்டில் இடம் கிடைத்திருக்கிறது. சத்தியதாஸ் அந்தச் சிவப்புப் பொத்தானுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி செய்து மாட்டியிருக்கிறார். இனிமேல் மெஷின்களுக்குப் பொட்டு எங்கே வைக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரமும் கம்பெனியில் அவருக்கே. இந்த வருஷம் பூஜையன்று, "மேடம், இடப்பக்கம் கீழ, அந்த மூலையில மட்டும், மெதுவா" என்று கூடவே நின்று சொல்ல, இவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போலப் பட்டுத்துணியை எடுத்தாள். ஆபீஸ் போனை அதன் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு போனை மட்டும் எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, சரஸ்வதி படத்தைப் பார்த்து, "நீ கோவிச்சுக்காதே" என்றாள்.

பிறகு சந்தனக் கிண்ணத்தோடு என் பக்கம் திரும்பினாள். நான் முன்னெச்சரிக்கையாகத் தூணிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அவள் சிரித்துக்கொண்டே, என் நெற்றியில் அழுத்தியே வைத்தாள். கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். குங்குமம் இடப்பக்கம்தான் இருந்தது. துடைத்துச் சரி பண்ணவில்லை.